கண்ணாடிக்குள் இருந்த பிராக்கெட்

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழைய கல்யாண மண்டபத்தில் விண்வெளி அருங்காட்சியகம் வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் இல்லை.

ரத்னாவை நம்பிராஜன்தான் அழைத்திருந்தான். இருவருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. அவன் மெஷின் ஓட்டுகிறான். அவள் தர ஆய்வாளர். அவன் மனைவி சுபஸ்ரீ சங்கரன்கோவிலில் தையல்கடை வைத்திருக்கிறாள். கடையை மூடிவிட்டு இங்கே வருவதா என்று ஒரு வருடமாகப் பேச்சு. ஒரு வாரம் இருந்து பார்க்க வந்தவளுக்கு இன்று மாலை ரயில்.

"இதப் பாத்துட்டு முடிவு சொல்லு," என்று அவன் சொல்லியிருந்தான்.

ராக்கெட் மாதிரிகளை சுபஸ்ரீ நிற்காமல் கடந்தாள். விண்வெளி உடைக்கு முன்னால் நின்று தையலைப் பார்த்தாள்.

"கை வச்ச எடம் சரியா வரல," என்றாள்.

"பொம்மைக்குத் தச்சது," என்றான் நம்பிராஜன்.

கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த பிராக்கெட் இருந்தது. உள்ளங்கை அளவு அலுமினியம், நான்கு துளைகள். கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்ததால் அடிப்பக்கமும் தெரிந்தது. ஒரகடத்தில் தயாரான ராக்கெட் பாகம் என்று அட்டை சொன்னது.

"நான் செஞ்சது," என்றான் நம்பிராஜன்.

சுபஸ்ரீ குனிந்தாள். "அடியில செவப்பா பொட்டு மாதிரி என்னது?"

ரத்னா அதை முன்பே பார்த்திருந்தாள். அவள் கையால் வைத்த புள்ளி. தேறியதற்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. நல்லவை எல்லாம் ராக்கெட்டுக்குப் போய்விட்டன. அருங்காட்சியகம் கேட்டபோது ஸ்டோரில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

"பாஸ் ஆச்சுன்னு அடையாளம்," என்றான் நம்பிராஜன். அவன் ரத்னாவைப் பார்க்கவில்லை.

சுபஸ்ரீ பார்த்தாள். "அப்படியாக்கா?"

"இல்லம்மா. ரிஜெக்ட்."

சுபஸ்ரீ பொட்டை நோக்கி விரலை நீட்டினாள்.

"யாரு வச்சது?"

"நான்தான்."

"என்ன கொற?"

"ஒரு ஓட்டை பெருசாயிடுச்சி. தலமுடி கனத்துல பாதி."

"முடியில பாதியா?" சுபஸ்ரீ மறுபடி குனிந்தாள். "நான் ஒரு நூல் கூடக் கொறைய இருந்தா மடிச்சுக் குடுத்துருவேன். ஒங்க வீட்டுல கொழம்புல உப்பு கொறஞ்சாலும் செவப்பு வைப்பீங்களோ?"

"எங்க வூட்ல சமைக்கறதே நான்தான். யாரு வைக்கறது?"

சுபஸ்ரீ சிரிக்கவில்லை. "இவுக மொத்தம் எத்தன செஞ்சாக?"

"பன்னெண்டு. இது ஒண்ணுதான் தேறல. பதினொண்ணு மேல போச்சு."

"அதுல செவப்பு இல்லையே?"

"இருந்தா நான் வுட்டிருக்க மாட்டேன்."

சுபஸ்ரீ கணவனிடம் திரும்பினாள். "பின்ன ஏன் பாஸுன்னு சொன்னீக?"

"நான் செஞ்சது மியூசியத்துல இருக்குன்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்கேன்," என்றான். "இங்க வந்துதான் பொட்டப் பாத்தேன்."

சுபஸ்ரீ போனை எடுத்து பிராக்கெட்டைப் படம் பிடித்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த அடிப்பக்கத்தையும் பிடித்தாள்.

"அது எதுக்கு?" என்றான்.

"ரெண்டும் இருக்கட்டும்."

வருகைப் பதிவேட்டில் மூவரும் கையெழுத்திட்டார்கள். கருத்து என்ற கட்டத்தை ரத்னா காலியாக விட்டாள். கண்ணாடிக்குள் இருப்பது தேறாதது என்று நாளை ஸ்டோருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தாள்.

வாசலில் வெயில் ஏறியிருந்தது. சுபஸ்ரீ ரத்னாவுக்கு அருகில் வந்தாள்.

"இவுக ரூம் இருக்கே, பென்னலூரு. அங்க லேடீஸ் டெய்லர் இருக்காகளாக்கா?"

"ஒருத்தர் கீறாரு. துணி குடுத்தா மூணு வாரம் ஆவும். அதுவும் ரெண்டு தடவ பிரிச்சித் தைக்கணும்."

"மூணு வாரமா," என்றாள் சுபஸ்ரீ. "எங்கிட்ட ரெண்டு மெஷினு இருக்கு. லாரில வருமா?"

நம்பிராஜன் ஒரு செருப்பை மாட்டியிருந்தான். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.