புகார்ப் புத்தகக் கச்சேரி

டிப்போ ஆண்டு விழாவுக்கு நாற்காலிகளை இரண்டு பங்காகப் போட்டிருந்தார்கள். வலப்பக்கம் ஊர்க்காரர்கள் சங்கம், இடப்பக்கம் வந்தவர்கள் சங்கம். நடுவே விட்ட இடைவெளியில் ஒரு பஸ்ஸையே திருப்பலாம். வந்தவர்கள் வந்தது என்னவோ தாத்தா காலத்தில். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

கண்டக்டரம்மா வந்தவர்கள் வீட்டுப் பெண். நல்ல கறுப்பு. அதைவிட நல்ல குரல். தோளில் டிக்கெட் பையோடு மேடைக்குப் பின்னால் நின்று புகார்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகப் பயணிகள் தன்னைப் பற்றி எழுதியதையெல்லாம் எழுத்து மாறாமல் பாடப்போகிறாள்.

கீபோர்டுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. அவளைக் கட்டிக்கொள்ள ஒற்றைக்காலில் நிற்பவன் அவன். ஊர்க்காரர்கள் சங்கத் தலைவருக்கு ஒரே மகன்.

"பதினேழாம் பக்கம் வேண்டாம்டி. அது எங்கப்பா எழுதினது."

"தெரியும். அரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரே!"

"கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையான்னு விழா முடிஞ்சுதான் சொல்வாராம். இன்னிக்கு ஒரு நாள் வாயை அடக்கினா குறைஞ்சா போயிடுவே?"

"இன்னிக்கு அடக்கினா ஆயுசுக்கும் அடக்கணும். பேரைச் சொல்ல மாட்டேன், போதுமா? நீ சுருதியைப் பாரு."

முதல் புகாரைத் தாலாட்டாக எடுத்தாள். "மாலை இருட்டில் கண்டக்டர் இருக்குமிடம் தெரியவில்லை; சிரித்தபடி வேலை பார்க்கச் சொல்லவும்." இடப்பக்கம் குலுங்கியது. வலப்பக்கம் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கியது.

அடுத்தது துள்ளல் பாட்டு. "நம்ம இனத்துப் பெண்ணாக இருந்துகொண்டு என்னிடமே டிக்கெட் கேட்கிறாள்!" இப்போது வலப்பக்கம் விசிலடித்தது. இடப்பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலை மெல்லக் குனிந்தது.

பிறகு பதினேழாம் பக்கம். ஒப்பாரி மெட்டில் இழுத்தாள். "சில்லறை தரும்போது கண்டக்டரின் கை என்மேல் பட்டுவிட்டது. மூன்று முறை கழுவினேன். நிர்வாகம் சோப்பு தரவும்!"

"சோப்பு தரவும்! சோப்பு தரவும்!" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பாடியது. தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எந்த மடையன்டா எழுதினான் இதை?"

கேட்ட வாய் திறந்தபடியே நின்றது. மகன் கீபோர்டுக்குள் தலையை நுழைக்கப் பார்த்தான்.

தலைவர் எழுந்தார். "நிறுத்து. கடைசி வரியை ஏன் விட்டே? எழுதினவன் நான்தான். எனக்கு நீ பாவம் பார்க்க வேண்டாம்."

அவள் புகார்ப் புத்தகத்தை மூடினாள்.

"'இவங்களை எவன் வீட்டுக்குள்ள சேர்ப்பான்?' அதானே அந்த வரி?" அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் தலையசைத்தாள். "அதுக்கு மட்டும் மெட்டும் வரல, சிரிப்பும் வரல, மாமா. வேணும்னா நீங்க பாடுங்க."

மாமா என்று வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீம்புக்காரர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். பாடியும் விட்டார். மேட்டில் திணறும் பழைய பஸ் மாதிரி இருந்தது குரல். பாதி வரியில் அதுவும் நின்றுபோனது.

"தள்ளி விடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. மண்டபமே வெடித்துச் சிரித்தது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "ஒரு டிக்கெட் குடும்மா."

"எங்க போகணும்?"

"உங்க வீட்டுக்குத்தான். நானும் இந்தப் பயலும். பொண்ணு கேட்க."

அவள் பையிலிருந்து இரண்டு டிக்கெட்டைக் கிழித்து, அவர் உள்ளங்கையில் வைத்து, நன்றாகவே அழுத்தினாள்.

"சோப்பு மேடைக்குப் பின்னால இருக்கு, மாமா."