சும்மா நிற்கிறவனுக்கு ஒரு சொல்

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் சபைக் கூடத்தில் பட்டிமன்றம் வைத்தது போதகரின் யோசனை. பசி வந்தால் சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம். சலவைக் கடை வாசலில் நின்றிருந்த கறுப்பின வாலிபன் ஒருவனைப் போலீஸ் சுட்டுக் கொன்று மூன்று வாரம் ஆகியிருந்தது. வருகிற சனிக்கிழமை எல்லோரும் போய் அந்த வாசலில் கண்டனமாக நிற்பதா, வேண்டாமா என்பதுதான் தலைப்பு.

வேண்டாம் என்று பேச எழுந்தாள் லவெட்டா. அவளும் கறுப்புதான், அந்தச் சபையில் எல்லோருமே கறுப்புதான். ஆனால் அவள் பன்னிரண்டு வருஷமாக அவசர உதவிக்கான 911 அறையில் அழைப்பு எடுக்கிறவள். போலீஸ்காரர்கள் பயத்தில் மூச்சு வாங்குவதைக் காதால் கேட்டவள்.

"அவங்களும் வீடு திரும்பணும்ல? கையக் காட்டுன்னா காட்டிட்டுப் போக வேண்டியதுதானே! தெருவுல நின்னு கத்தி யாருக்கு என்ன கிடைச்சுது?"

கைதட்டல்கூட விழுந்தது.

நிற்கத்தான் வேண்டும் என்று பேச வந்தவள் அவள் நாத்தனார் வெர்டெல். டவுன் பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பேர் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அன்று கத்தவில்லை.

"சகோதரி லவெட்டா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பையனப் பத்தி போன் வந்தப்போ உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல என்னன்னு அடிச்சாங்க?"

"நான் எடுக்கல, பக்கத்து சீட்டு டுவெயின் எடுத்தான். 'சந்தேக நபர்'னு அடிச்சான். பேப்பர்லயே வந்துச்சே."

"போன் பண்ணவங்க அப்படியா சொன்னாங்க?"

"ஒருத்தன் நிக்கறான்னு சொன்னாங்க."

"அப்ப 'நிக்கறான்'னே அடிக்கறது."

"அப்படில்லாம் முடியாதுடி. கம்ப்யூட்டர்ல பட்டியல் இருக்கு, அதுலருந்துதான் எடுக்கணும். சும்மா நிக்கறவனுக்கு அதுல சொல்லே கிடையாது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வெர்டெல் அதோடு வாதத்தை முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாயாடி நாத்தனார் வாயை மூடிக்கொண்டால் அதைவிடக் கிலி வேறில்லை. சாப்பாட்டுக்கு வந்த பொரித்த கோழியை லவெட்டா அன்று பக்கத்துப் பிள்ளையின் தட்டில் வைத்துவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெண்மணியின் அழைப்பு வந்தது.

"எங்க தெருவுல நீலக் காருக்குள்ள ஒரு கறுப்பு ஆள் இருக்கான். அரை மணி நேரமா!"

லவெட்டாவின் விரல் பழக்க தோஷத்தில் பட்டியலின் 'சந்தேக நபர்' வரிக்குப் போய் நின்றது. ஓர் அழுத்து போதும். துப்பாக்கியோடு இரண்டு பேர், சந்தேக நபர் என்று படித்தபடியே கிளம்பிவிடுவார்கள்.

"என்னம்மா செய்யறார்?"

"அதான் சொன்னேனே, உட்கார்ந்திருக்கான்."

"யாரையாவது மிரட்டினாரா? எந்த வீட்டையாவது எட்டிப் பார்த்தாரா? கையில ஏதாவது வச்சிருக்காரா?"

"இல்ல... போனப் பாத்துட்டிருக்கான்."

"அப்ப, சும்மா உட்கார்ந்திருக்கார்."

"ஆமா. சும்மாதான்."

போலீஸ் தேவையில்லை என்ற கட்டத்தை அழுத்தினாள். மேற்பார்வையாளர் ஹான்லன் அம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"அனுப்பலையா?"

"குத்தம் எதுவும் சொல்லல மேடம்."

"ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான் உருளும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அடுத்தடுத்து ஒரு சமையலறைத் தீ, மாடிப்படியில் விழுந்த ஒருவர் என்று அழைப்புகள் வந்தன. அழைப்பு விளக்கு மினுங்கும்போதெல்லாம் அந்தத் தெருதானோ என்று பதறினாள். அவனிடம் துப்பாக்கி இருந்தால்? அந்தப் பெண்மணியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால்? வேலை போவது இருக்கட்டும், ஓர் உயிர் போனால்? வெர்டெலுக்கு என்ன, பட்டிமன்றத்தில் கேட்டுவிட்டுக் கோழி தின்னப் போய்விட்டாள்!

இருபது நிமிடம் கழித்து அதே எண். லவெட்டா முந்திக்கொண்டு எடுத்தாள்.

"அந்த ஆள் போயிட்டாருங்க," என்றாள் அந்தப் பெண்மணி. "எதிர்வீட்டு அம்மா வாக்கரத் தள்ளிட்டு வந்தாங்க, கைத்தாங்கலா கார்ல ஏத்திட்டுப் போனார். மகன் போலிருக்கு. என்னைப் பாத்துக் கைகூட அசைச்சார்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வரியை எத்தனை முறை அழுத்தியிருப்பாள்? அவர்களில் எத்தனை பேர் அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்? பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு தடவையாவது விசாரித்தாளா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

இடைவேளையில் வெர்டெலுக்குப் போன் போட்டாள்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"என்னடி, கேலியா?"

"மணியச் சொல்லு."

"ரெண்டு மணி. உன் கோஷ அட்டையில என்ன எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாத. நான் சும்மா வந்து நிக்கறேன்."

சுவரில் ஒட்டியிருந்த பணிப் பட்டியலில், சனிக்கிழமை இரண்டு மணிக்கு நேராக அவள் பெயர்தான் இருந்தது. ஹான்லன் அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே, மாற்று ஆள் கிடைத்தால் போ என்றாள். பக்கத்து இருக்கையில் டுவெயின் கை தூக்கினான். அந்த வாலிபன் சாவுக்குப் பிறகு அவன் சரியாகத் தூங்குவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"நான் பாத்துக்கறேன் லவெட்டா. எங்க போற?"

"சலவைக் கடை வாசலுக்கு." அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். "டுவெயின், அங்க யாரோ நிக்கறாங்கன்னு போன் வந்தா, என்ன செய்யறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுரு. நிக்கறது நானா இருக்கும்."