பிரசன்னாவுக்கு வந்த ஜெபக் குறிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரியாணிக் கடையில் கிடைத்தது. பின் மேசையில் கம்பெனிச் சீருடையில் இருந்தவர் நண்பரிடம் சொன்னார்: "என் மேல கம்ப்ளைண்ட்டு, மச்சான். அதுக்கு என்னையே ஜெபம் பண்ண வெச்சுட்டாங்க." நண்பர் இன்னா ஏதுன்னு கேட்பதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். மிச்சத்தை நான்தான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2

முதல் தொடக்கம்: 'செம்பரம்பாக்கம் ஏரியின் மேல் அந்திச் சூரியன்...'

(வேண்டாம். ஏரிக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எழுதுகிறவனுக்குக் கை ஓடாதபோதெல்லாம் எங்காவது சூரியன் மறைந்துவிடுகிறது.)

இரண்டாவது தொடக்கம்: பிரவீனா ஒரகடம் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர்களிடையே கிறிஸ்தவ ஊழியம் செய்கிறவள். கல்லூரிக்குள் ஜெபக் கூட்டம் நடத்த அனுமதி கிடையாது. அதனால் சனிக்கிழமை மாலைகளில் பென்னலூரில் அவளுடைய வாடகை வீட்டு ஹாலில் பிள்ளைகள் கூடுவார்கள். கணவன் பிரசன்னா கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். உள்ளூர்க்காரன்.

இது போதும். அழகாக இல்லை, ஆனால் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

3

சிக்கல் இதுதான். பிரசன்னாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, ஓசூர் பிளான்ட்டில். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அவன் போவதென்றால் பிரவீனா ஊழியத்தை விட வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு ஊரில் குடித்தனம்.

"இன்னா சொல்ற பிரவீ, போலாமா வேணாமா?" என்று ஷிப்டுக்குக் கிளம்பும்போது கேட்டான். அவள் போனில் இருந்தாள். அரியர் விழுந்து அழுதுகொண்டிருந்த ஒரு மாணவிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தி, பொறு என்று காட்டினாள். அவன் பொறுத்தான். பஸ் பொறுக்கவில்லை.

(முதல் வரைவில் பிரவீனாவைப் புனிதவதியாக்கியிருந்தேன். இரண்டாம் வரைவில் புருஷனைக் கவனிக்காதவள் ஆகிவிட்டாள். இரண்டுமே பொய். அவளுக்குப் பிரசன்னா மேல் உயிர். 'போகாதே' என்று சொன்னால் அவன் போகமாட்டான் என்று தெரியும். அதனாலேயே சொல்லப் பயந்தாள்.)

4

சனிக்கிழமைக் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகள், அதாவது யாருக்காக எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று, சொல்லும் நேரம். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிரவீனாவும் கண்ணை மூடியபடி சொன்னாள்: "ஒரு சகோதரிக்காக* ஜெபிக்கணும். ஊழியத்தை விட்டுட்டு வேற ஊருக்குப் போற நெருக்கடி. அவங்க வீட்டுக்காரர் மனசுல ஆண்டவர் பேசணும்."

* பெயர் சொல்லக் கூசும் குறிப்புகளை 'ஒரு சகோதரி', 'ஒரு சகோதரன்' என்று சொல்வது வழக்கம். யாரென்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். கேட்காமலிருப்பது மரியாதை.

அவள் கண்ணைத் திறந்தபோது வாசலோரம் கம்பெனிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பிரசன்னா உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் பார்ட்ஸ் வராமல் உற்பத்தி லைன் நின்றுபோய்ச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

யார் எந்தக் குறிப்புக்கு ஜெபிப்பது என்று பங்கிட்டுக் கொடுப்பது கவியாவின் வேலை. தென்காசிப் பெண், கடைசி வருடம் படிக்கிறாள். "அண்ணே, கடைசியா வந்தது நீங்கதான். அந்தச் சகோதரி குறிப்பு மிச்சமிருக்குலா, நீங்க எடுத்துக்கிடுங்க."

பிரவீனா அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

5

இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

குறிப்பு யாரைப் பற்றியது என்று புரியாமலே அவன் ஜெபிக்கிறான் என்று எழுதினேன். சிரிப்பு வந்தது. ஆனால் நடக்கிற போக்கில் உதிரிபாகத்தில் இருக்கும் கீறலைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இதுவா புரியாது? கோபித்துக்கொண்டு எழுந்து போகிறான் என்றும் எழுதினேன். அப்படிப் போகிறவர்களை எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் அவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

கண்ணை மூடினான்.

"எங்கள் பரலோகப் பிதாவே, அந்தச் சகோதரிக்காக உம்முடைய சமுகத்தில் வருகிறோம்." ஜெபிக்கும்போது எல்லோருடைய தமிழும் படியேறும். அவனுடையது நடுவில் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஆண்டவரே, அவங்க நல்லா ஊழியம் பண்றாங்க. இந்தப் பசங்களுக்கு அவங்கள வுட்டா ஆளில்ல. அது அவங்க வூட்டுக்காரருக்கும் தெரியும். ஆனா போலாமா வேணாமான்னு அவரு கேக்கறப்ப, அவங்க போன்ல பேசிக்கினே கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. அவரும் நின்னுக்கினுதான் இருந்தாரு. வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா அவரு போவ மாட்டாரு. வா போலாம்னு சொன்னா சேந்து போவாரு. அவரு மனசுல நீங்க பேச வேணாம் ஆண்டவரே. அவங்கள அவரு கிட்ட பேசச் சொல்லுங்க. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

பிள்ளைகள் முன்னால் இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதுதான். அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

6

இதற்கு மேல் அவர்கள் வழக்கம் ஒன்றுதான். எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். கவியாவுக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது போலும், அவள் ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

பாக்கி பிரவீனா. ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டால், திங்கட்கிழமைக்குள் அவனிடம் வாயைத் திறந்து பேசியாக வேண்டும். என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. வேணாம் என்றா, வா போலாம் என்றா. இரண்டையும் எழுதிப் பார்த்தேன், இரண்டிலும் பேசியது நான்தான்.

இதை எழுதும்போதே அவள் மடியில் போன் அடிக்கிறது. அரியர் விழுந்த அதே மாணவி. (இந்த அழைப்பை நான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

நான் ஜெபிக்கிற ஆள் இல்லை. அவளுக்காக ஆமென் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. உங்களுக்கு உண்டென்றால் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அது அவள் காதில் விழும்படி இருக்கட்டும். பிரசன்னா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.