நிரபராதிகள் குடியிருந்த வீடு

தென்னை ஆராய்ச்சி நிலையத்துப் பூச்சிக்காரர் எந்தப் பூச்சியைக் குற்றமற்றது என்று விடுவித்தாலும், அது அன்று மாலையே அவர் வீட்டுக்குக் குடிவந்துவிடும். அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஊர்த் தென்னைகள் மஞ்சளாகி, குரும்பை உதிர்த்து, மொட்டைக் கம்பங்களாகிக்கொண்டிருந்தன. சாறு உறிஞ்சும் ஏதோ ஒரு பூச்சிதான் நோயை மரத்துக்கு மரம் சுமக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எது என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு வகையாகப் பிடித்து, நல்ல கன்றோடு வலைக்கூண்டில் அடைத்து, கன்று மஞ்சளாகாவிட்டால் “நீ போகலாம்” என்று திறந்துவிடுவது அவர் வேலை. அடுத்த தெருவிலிருந்த அவர் தம்பியின் தோப்பில் பாதி போய்விட்டது. “ஏண்ணே, எதைக் காட்டினாலும் இது இல்லங்கறே. நீ பூச்சி பிடிக்கிற ஆளா, பூச்சிக்கு வக்கீலா?” என்றவன், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். வேறு யாரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. எனவே சாயங்காலங்களில் அவர் சுவர் முழுக்க உட்கார்ந்திருந்தவர்களுக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்தார். அவர்களில் ஒரு தத்துப்பூச்சி மட்டும் அவர் மூக்குக்கண்ணாடி விளிம்பில் அமர்ந்து, கூடவே படித்தது. பக்கம் திருப்பத் தாமதமானால் இறக்கையைச் சிலுப்பும்.

அதன் கூண்டுக் கன்றுதான் மஞ்சளானது. நோய் கன்றுக்குள் சாவகாசமாகத் தூங்கும். அது விழிக்கும்வரை காத்திருக்க அலுவலகத்துக்குப் பொறுமை இல்லை, கூண்டைக் காலிசெய்யச் சொல்லிவிடும். பரிசோதனை முடிந்ததென்று வலையைக்கூட அவிழ்க்காமல் கொட்டகைக்குப் பின்னால் தள்ளியிருந்த கன்று, இரண்டு மழை கழித்து ஓலை வெளுத்து நின்றது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பேசாமல் பிடுங்கிப் போட்டிருந்தால் நாய்கூடக் கேட்டிருக்காது. அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்து, “நீதாம்ப்பா” என்றார். அது வாதாடவில்லை. விளிம்பிலிருந்து இறங்கி, பூச்சிகளைப் பதப்படுத்தும் சாராயச் சீசாவுக்குள் தானே போனது. மறுநாள் அலுவலகத்தில் அதன் பெயரைச் சொன்னார். தங்களில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தவர் வீட்டில் தங்க மற்றவற்றுக்கு மனம் வரவில்லை போலும். வரிசையாக ஜன்னல் வழியே வெளியேறின, தள்ளுமுள்ளு இல்லாமல்.

எந்தப் பூச்சிக்கு மருந்தடிப்பது என்று தெரிந்தபின் தம்பியின் மீதித் தோப்பு பிழைத்தது. பாளை வெடித்த வாரம் அவனே வந்தான். வெறும் சுவர்களைச் சுற்றிப் பார்த்தான்.

“இப்பதாண்ணே வீடு வீடு மாதிரி இருக்கு.”

“ஆமா” என்றார் அண்ணன். பிறகு, யார்மேலும் உட்கார்ந்துவிடக் கூடாதே என்று நாற்காலியை மெல்ல ஊதிவிட்டு உட்கார்ந்தார்.