திறக்காத ஜாடி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜாடியின் அடியில் ஒரு நத்தை கவிழ்ந்து கிடப்பதை அவர் பார்த்தார். ஓட்டின் வாயிலிருந்து சதை வெளியே தொங்கி, ஊறிய பஞ்சு மாதிரி வெளுத்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் லேசாகக் கலங்கத் தொடங்கியிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் காலை ஷிப்ட். வீட்டில் அவர் மட்டும்தான். நான்கு மாதமாக அந்த நேரத்துக்கு வீட்டில் அவர் மட்டும்தான்.

பத்தொன்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தவர். ஃப்ரேமின் வளைவுக்கு ஏற்ப லென்ஸைச் சாணைக்கல்லில் கொடுத்துக் கொடுத்துக் கட்டைவிரல் நுனியில் ரேகையே அழிந்துவிட்டது. பிறகு கடைக்கு மெஷின் வந்தது. ஃப்ரேமின் அளவைக் கொடுத்தால் லென்ஸை அதுவே வெட்டித் தந்துவிடும். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, சொல்லி அனுப்புறேன்" என்றார் முதலாளி. சொல்லி அனுப்பவில்லை. முதல் மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். இரண்டாம் மாதம் வேலை தேடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அந்தப் பொய்யும் விட்டுப்போயிற்று. குளிப்பதற்கே மத்தியானம் ஆயிற்று.

மகள் எட்டாம் வகுப்பு. அவர் உயரத்துக்கு வந்துவிட்டாள், ஆனாலும் வீட்டில் இன்னும் வாண்டுதான். அறிவியல் கண்காட்சிக்கு மூடிய ஜாடிக்குள் ஒரு குட்டி உலகம் செய்யப்போவதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அடியில் சேறு, மேலே தண்ணீர், கொஞ்சம் பாசி, மூன்று நத்தை. பாசி விடும் காற்றை நத்தை சுவாசிக்கும், நத்தையின் கழிவைப் பாசி தின்னும். அறுபது நாள் திறக்கவே கூடாது.

"வெளியிலேர்ந்து ஒண்ணுமே வேணாம்ப்பா. வெளிச்சம் மட்டும் போதும்."

"நல்ல குடும்பம்" என்றாள் மனைவி. யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்கு வெளியே இருந்த குட்டைக்கு அவர்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி அடைத்ததும் அவர்தான். தண்ணீர் நின்ற மட்டத்தில் வாண்டு கண்ணாடியின் மேல் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஷூவைக் கழற்றாமல் ஜாடியிடம்தான் போவாள். மனைவிகூடப் போகிறபோக்கில் குனிந்து பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் பேசுவதற்கு வேலையைத் தவிர வேறொரு விஷயம் கிடைத்திருந்தது. அந்த வீட்டில் நன்றாக நடந்துகொண்டிருந்தது அந்த ஜாடி ஒன்றுதான்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கத்தி நுனியால் மெழுகைப் பெயர்த்தார். செத்ததை எடுத்தார். கலங்கிய தண்ணீரில் பாதியை இறைத்து வேறு ஊற்றினார். குட்டைக்கு ஓடி, அதே அளவில் ஒரு நத்தை பிடித்து வந்து போட்டார். பெயர்த்த மெழுகையே கரண்டியில் உருக்கித் திரும்ப அடைத்தார். எல்லாம் முடித்துக் குளித்து, முகச்சவரமும் செய்துகொண்டபோது மணி ஒன்றுகூட ஆகவில்லை.

சாயங்காலம் வாண்டு ஜாடியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மூணும் நல்லா இருக்குப்பா" என்று சொல்லி, அதையே நோட்டில் எழுதினாள்.

அதற்குப் பிறகு நான்கு தடவை திறந்தார். கை பழகிவிட்டது. பாசி பழுத்தால் மாற்றினார், நத்தை சுணங்கினால் மாற்றினார். காலையில் எழுந்ததும் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. "இப்பதான் உங்க மூஞ்சில கொஞ்சம் களை வந்திருக்கு" என்றாள் மனைவி.

கண்காட்சியில் மற்றவர்களின் ஜாடிகள் முப்பது நாளிலேயே நாறிப்போயிருந்தன. வாண்டின் ஜாடி மட்டும் பச்சையாக, தெளிவாக நின்றது. கல்லூரியிலிருந்து வந்த நடுவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு தடவகூடத் திறக்கலையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். ஒரு தடவகூட இல்ல."

கண் இமைக்காமல் சொன்னாள். அவர் பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், குழந்தைக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். முதல் பரிசு. அடுத்த சுற்று தலைநகரத்தில், இன்னும் ஒரு மாதம் ஜாடியை அப்படியே வைத்திருங்கள் என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் காட்டலாமென்று மகளின் பையிலிருந்து நோட்டை எடுத்தார். கையில் வந்தது வேறு நோட்டு. வாண்டின் கையெழுத்து, பென்சிலால் எழுதியிருந்தது.

'நாள் 22. தண்ணீர் கோட்டுக்கு மேலே அரை விரல். மூடிய ஜாடியில் தண்ணீர் ஏற வழியில்லை. மூன்றாவது நத்தையின் ஓடு வலப்பக்கம் சுழிந்திருந்தது. இன்று இடப்பக்கம்.'

அதற்குக் கீழே இன்னும் நான்கு தேதிகள்.

அவர் இருமுறை படித்தார். லென்ஸில் கால் பவர் மாறினாலே கண்டுபிடிக்கிற கண் அவருடையது. நத்தை ஓட்டின் சுழியைப் பார்க்கவில்லை.

"அப்பவே தெரியுமா?"

வாண்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். "தண்ணி எப்படிப்பா தானா கூடும்?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருக்கலாம். ஏன் செத்துச்சுன்னு எழுதினாலும் மார்க் உண்டுன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க." நோட்டை மூடினாள். "ஆனா அன்னிக்கு நீ குளிச்சிருந்த. ஷேவ் பண்ணியிருந்த. அம்மாதான் சொன்னாங்க, விட்டுடு, அவருக்கும் ஒரு வேலை வேணும்லன்னு."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மனைவி வெளியே வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கோபம்கூட வராமல் காது மட்டும் சுட்டது.

"நாளைக்கே டீச்சர்கிட்ட வந்து நான் சொல்லிடறேன்."

"என்னன்னு? அத்தனை பேர் முன்னாடி நான் பொய் சொன்னேன்னா?"



ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எழுந்து வந்தபோது வாண்டு செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். கையில் டீ வடிகட்டி.

"ஒண்ணு கவிழ்ந்துடுச்சு. வா."

இருவரும் குட்டைக்குப் போனார்கள். அவர் பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். அவள் கரையில் குந்தி உட்கார்ந்தாள். முதலில் எடுத்துக் காட்டியதைப் பார்த்து, "பெருசு" என்றாள். தண்ணீரில் விட்டார். அடுத்தது, "இடப்பக்கம்." அதையும் விட்டார். மறுபடி குனிந்து சேற்றோடு ஒரு கை அள்ளினார். விரல் இடுக்குகளில் சேறு வழிந்துகொண்டிருக்க, அவள் பார்த்துச் சொல்லும்வரை உள்ளங்கையை நீட்டியபடி நின்றார்.