மேலே சுற்றும் விரல்

வலது தோள்பட்டை அன்றும் விண்விண்ணென்று தெறித்தது. பத்து மணி நேரம் கையைத் தூக்கியே நின்றால் வேறென்ன செய்யும்? கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டுவது என் பிழைப்பு. ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் இரும்பு ஏறும்.

மகளுக்கு மூன்றரை வயது. காது நன்றாகக் கேட்கும், பேச்சுதான் வரவில்லை. வார்த்தையைச் சொல்லிக்கொண்டே கையாலும் காட்டுங்கள் என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர். மனைவி மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. கையிலேயே காரியம் முடிந்தால் வாய் எதற்குத் திறக்கும்? 'இன்னும் வேணும்' என்று மகள் விரல்நுனிகளைச் சேர்த்துத் தட்டும்போதெல்லாம் அவள் கைகளைப் பிடித்து அமுக்கினேன்.

"வாயால சொல்லு பாப்பா."

அவள் சொல்லவில்லை. போகப்போக, என்னைக் கண்டாலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளையில் கிரேன் ஓட்டுகிறவனிடம் புலம்பினேன். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. தரையில் இறங்கினால் வாய் மூடாது.

"ஏன்யா, பத்து வருஷமா உன் கையைப் பார்த்துத்தானே வேலை செய்றேன். என் பேச்சு வத்திப்போச்சா?"

"வத்தினாத்தான் எங்க காதுக்கு விடிவுகாலம்."

"ஊரான் இரும்புக்குக் கை காட்டுவ. பெத்த பிள்ளைக்குக் காட்ட மட்டும் வலிக்குதோ?"

பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

மாலையில் மகள் என் காலை உரசிக்கொண்டு நின்றாள். தூக்கச் சொல்கிறாள் என்று புரிந்தது. டீச்சர் அதற்கு என்ன சைகை சொன்னாரோ, நான் எங்கே கவனித்தேன்? பழக்கதோஷத்தில் விரல் மேலே நீண்டு சுற்றியது. "தூக்கு," என்றேன். தூக்கினேன். இறக்கினேன்.

"பிள்ளை என்ன இரும்புத் தூணா?" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்த கை மெல்ல முன்னே வந்தது. அவள் விரலும் மேலே சுற்றியது. தூக்கினேன். மறுபடி சுற்றினாள். தோள் செத்துப்போகும்வரை தூக்கினேன்.

ஒன்பதாம் நாள் விரலோடு வாயும் அசைந்தது.

"தூ."

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அந்தச் சைகையைத் தன் நோட்டில் வரைந்துகொண்டார்.

"இது உங்க வீட்டுச் சைகை. மாத்தாதீங்க. பேச்சு வர வர, கை தானா ஓய்ஞ்சிடும்."

இப்போது தினமும் ஒரு சைகை படிக்கிறேன். நேற்று 'தண்ணி' படித்தேன்.

நான்கு மாதம் அவள் கைகளை அமுக்கிப் பிடித்திருந்தேன். அதற்கு மகளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.