கையெழுத்து ரகம்

நவம்பரில் தேர்தல் முடிந்தது. மறுவருஷம் ஹாலிடன் மாவட்டத்தில் காய்த்த ஆப்பிள்களில் கையெழுத்து இருந்தது. அந்த வருஷம் டீசல் ஏறியிருந்தது, பழவிலை இறங்கியிருந்தது, ஆலங்கட்டி மழை இல்லை. ஆகஸ்ட் கடைசியில் பழம் சிவக்கத் தொடங்கியபோது, சிவப்புப் பிடிக்காத இடம் மெல்லிய மஞ்சள் கோடாக நின்று, வளைந்து நெளிந்து, ஓர் ஆளின் பெயராக முடிந்தது. பண்ணைக்காரர்கள் பூச்சிமருந்து விற்றவனைத் திட்டிவிட்டு அறுவடையைத் தொடங்கினார்கள்.

பழக் கொட்டகையில் தரம் பிரிக்கும் எவுஃபெமியா பாரகான், பெல்ட்டில் உருண்டு வந்த தன் பெயரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்தேதான். அதே பெல்ட் அவள் மணிக்கட்டை இழுத்து முறித்த பிறகு போடுகிற கோணல் கையெழுத்து. அடுத்த பழத்தில், குடியுரிமை வாங்கிய அன்று பெருமையோடு போட்ட நீளமான கையெழுத்து. அதற்கடுத்ததில் இரண்டும் இல்லாத ஒன்று. மூன்றும் அவளுடையவை.

அந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தபால் ஓட்டுதான். உறைமேல் இருக்கும் கையெழுத்தைத் தேர்தல் ஆபீசில் பழைய கையெழுத்தோடு ஒட்டிப் பார்த்து, ஒத்துப்போனால்தான் உறையைப் பிரிப்பார்கள். போன நவம்பரில், கால்வாய்க்கு அப்பால் எவுஃபெமியா இருக்கும் குடியிருப்புக்கு நகரத்துக் குடிநீர்க் குழாய் போடலாமா என்று கேட்டு ஓட்டு வந்தது. அங்கே கிணற்றில் மாட்டுப் பண்ணைகளின் கழிவு இறங்கி வருஷக்கணக்காகிறது. எவுஃபெமியாவின் மகள் ரோசியோவின் குழந்தை, அந்தத் தண்ணீரில் கரைத்த பாலைக் குடித்து உதடு நீலமாகி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. எவுஃபெமியாவின் புருஷன் ரெய்னால்டோவுக்கும் மகளுக்கும் குடியுரிமை இல்லை. வீட்டுக்கு அவள் ஒருத்தி ஓட்டுதான். குழாய் தோற்றது, ஒரு பஸ் நிறைய ஆட்களின் வித்தியாசத்தில்.

தோற்ற வாரமே அவள் தேர்தல் ஆபீசுக்குப் போய், ஜன்னலில் இருந்த டார்லா ஹட்ச்சென்ஸிடம் கேட்டாள்: "என் ஓட்ட எண்ணினீங்களா?"

"அனுப்பினீங்கல்ல மேடம்? அப்ப எண்ணியிருப்போம்."

"எண்ணியிருப்பீங்களா, எண்ணினீங்களா?"

டார்லா கெட்டவள் இல்லை. "ஆளாளுக்குப் பார்த்துச் சொல்ல இங்க வழியில்ல மேடம்," என்றாள், தரையைப் பார்த்தபடி.

இப்போது ஆப்பிள் சொல்லிவிட்டது: ஆபீசில் பிரிக்காமல் ஒதுக்கிய உறைக்காரர்களின் கையெழுத்துதான் பழத்தில். கால்வாய்க்கு அப்பாலிருந்தவர்களில் பாதிப்பேரின் பெயர் மரத்தில் தொங்கியது. அவர்களோடு, நடுக்குவாதத்தில் கை ஆடும் கிழப் பண்ணைக்காரர் ஆர்வில் டட்டிலின் பெயரும். டட்டில் குழாய்க்கு எதிராக ஓட்டுப் போட்டவர். அதை மறைக்கவும் இல்லை. "நான் உங்களுக்கு எதிராத்தான் குத்தினேன், எவுஃபெமியா. ஆனா குத்தினது குத்தினதுதானே? குப்பையில போட இவனுங்க யாரு?" என்று அவளைத் தன் லாரியிலேயே ஆபீசுக்கு அழைத்துப்போனார். பின்னால் ஊரே கூடை கூடையாகப் பழத்தோடு வந்தது.

டார்லா ஒரு பழத்தைக் கோப்பிலிருந்த கையெழுத்தோடு வைத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்றை. "ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலையே மேடம்," என்றாள்.

"இது என் கைம்மா. அச்சு எந்திரமில்ல."

முடிவு அறிவித்தாகிவிட்டது, பழம் சாட்சியாகாது என்று மாவட்டச் சபை தீர்மானித்தது. பழங்களை ஆபீஸ் ஊழியர்கள் மாவில் பொதிந்து சுட்டுத் தின்றார்கள். ஆனாலும் சபை வெட்கப்படாமல் இல்லை. அடுத்த தேர்தலுக்குள், அவரவர் ஓட்டு எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்க ஏற்பாடு செய்தது. தொடக்கவிழாவில் கேக் வெட்டினார்கள்.

அந்த நவம்பரில் எவுஃபெமியா கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு போனைப் பார்த்தபடி இருந்தாள். வந்து சேர்ந்தது என்றது. மறுநாள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஓடிப்போய், அடையாள அட்டையைக் காட்டிச் சரிசெய்தாள். வீட்டில் ரெய்னால்டோ தண்ணீர் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி மணி அடித்தது.

"கிழவா, எண்ணிட்டாங்க! எண்ணிட்டாங்கன்னு எழுதியிருக்கு பாரு!"

"எதுக்குப் போட்ட ஓட்டு, கிழவி?"

குழாய் அந்தத் தடவை ஓட்டுக்கே வரவில்லை. ஒருமுறை தோற்றதை மறுபடி கொண்டுவர யாருக்கும் மனமில்லை. பொருட்காட்சி மைதானத்துக் குதிரைக் கொட்டடிக்கு யார் பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. அவள் குத்திய பெயர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. புதுவருஷம் பிறந்ததும் ரோசியோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாய்த் தண்ணீர் உள்ள ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த அறுவடையிலும் பழங்கள் பெயரோடுதான் வந்தன, ஆள் மட்டும் கொஞ்சம் குறைவு. முந்தின வருஷம் அவை சந்தையில் நன்றாகப் போனதைப் பார்த்த கொட்டகைக்காரர்கள் அவற்றுக்கென்று தனி பெல்ட் போட்டு, 'கையெழுத்து ரகம்' என்று பெட்டிகட்டிக் கப்பலேற்றினார்கள். சாதாரணப் பழத்தைவிட நல்ல விலை. பெயர்களை வாசிக்கத் தெரிந்தவள் என்று எவுஃபெமியாவை அங்கே நிறுத்தினார்கள்.

மேஸ்திரி வந்து பெட்டிகளைக் கிளறிப் பார்த்தான். "உன் பேரு ஒண்ணுகூட இல்லையே. போன தடவ உன்னுதுதான் நல்லாப் போச்சு. அடுத்த வாட்டி கோணலாப் போட்டுட்டு, சரிபண்ணப் போகாம இரேன்."

பெல்ட்டில் டட்டிலின் பெயர் வந்தது, மயிர்க்கோடாக நடுங்கி நடுங்கி. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஓட்டை அனுப்பிவிட்டு, சரிசெய்ய எழுந்து வரமுடியாமல் குளிர்காலத்தில் இறந்துபோனவர் அவர். எவுஃபெமியா பழத்தைத் துணியால் துடைத்தாள், காம்பு உடையாமல் பார்த்து முதல்தரப் பெட்டியில் வைத்தாள். அடுத்த பழத்துக்குக் கை நீட்டினாள்.